சேனை வைத்த விரல்

1

அன்று மதியம் என் மகள் சமையலறையில் இருந்தாளா, இல்லையா?

இரண்டு வருடங்களுக்கு முந்தைய ஒரு மதியத்தைப் பற்றிச் சில மாதங்களாக என்னை நானே கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. இருந்தாள் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரு சாதாரணக் காரணம் கிடைத்துவிடும். இல்லை என்றால் என்ன கிடைக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

நான் நிலக்கோட்டைப் பக்கத்து ஊர்க்காரி. திண்டுக்கல்லில் எம்.எஸ்ஸி. படித்தேன். கல்யாணமாகி ஏழு வருடங்களாகப் பின்லாந்தில், தம்பெரே என்ற நகரத்தில் இருக்கிறேன். கணவருக்கு மென்பொருள் வேலை. ஒரே மகள் ஆதிரா. வயது ஐந்து.

மூன்று வாரங்களுக்கு முன் என் தவமணி சித்தியின் இரண்டாவது திதி. ஊரில் அம்மா படையல் போட்டு, வீடியோ அழைப்பில் காட்டினாள். எனக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்த ஆதிரா, இலையை ஒரு நிமிடம் கவனித்துவிட்டு, "இம்புட்டுக்காணும் வெஞ்சனமா வைக்கிறது?" என்றாள்.

அம்மாவின் முகம் மாறியது. உடனே அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் காய்க்கு எங்கள் ஊர்ச் சொல் வெஞ்சனம். சித்தி அப்படித்தான் சொல்வாள். எங்கள் வீட்டில் அது புழங்குவதில்லை. நான் 'காய்' என்பேன், கணவர் 'பொரியல்' என்பார், ஆதிரா பாதி நாள் பின்னிஷ் மொழியில் கேட்பாள். அந்தச் சொல்லை நானே பல வருடமாக வாய்விட்டுச் சொன்னதில்லை.

2

சித்தி என் அம்மாவின் தங்கை. சித்தப்பா போன பிறகு எங்கள் அடுத்த வீட்டில் தனியாக இருந்தாள். அரை ஏக்கரில் மல்லிகை போட்டிருந்தாள். விடியுமுன் பறித்து, பூ வேனில் ஏறிச் சந்தைக்குப் போய்விடுவாள். அவள் ஏறியதும் டிரைவர் பாட்டை நிறுத்திவிடுவாராம். பாட்டையும் அவள் பேச்சையும் ஒரே நேரத்தில் கேட்க முடியாது என்பாராம்.

ஒரு தை மாதம் நானும் கூடப் போயிருந்தேன். தராசுக்காரர் பூவைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்திருக்கிறாள் என்று எடையில் கழிக்கப் பார்த்தார்.

"ஏண்ணே, பனிய நானா பெய்யச் சொன்னேன்?" என்றாள் சித்தி. "ஒனக்கு வேணும்னா வானத்துக்கு ஒரு நோட்டீசு அனுப்பு. எம் பூவுல கை வைக்காத."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தராசுக்காரரும் சிரித்துக்கொண்டே, இந்த வாயாடியிடம் யார் வாயைக் கொடுப்பது என்று முழு எடையும் போட்டார். வெளியே வந்ததும், எல்லாரிடமும் ஏன் இப்படி மல்லுக்கு நிற்கிறாய் என்று கேட்டேன்.

"நாஞ் சொல்லலேன்னா வேற யாரு சொல்லுவா?" என்றாள்.

சித்தி எந்தப் பேச்சையும் அந்த வாக்கியத்தில்தான் முடிப்பாள். மின்வாரிய ஆளிடமும், ரேஷன் கடையிலும், கல்யாண வீட்டில் சாம்பார் புளித்துவிட்டது என்று சொன்ன பிறகும் அதுதான். அதனால் ஊரில் வாயாடி என்றால் போதும், பெயர் சொல்ல வேண்டாம்.

தூரமாக வந்த பிறகு அந்தச் சொல்லைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். மூன்று வயதுப் பெண் குழந்தையை வாயாடி என்றால், கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சுகிறார்கள் என்று பொருள். பன்னிரண்டு வயதில் அதே சொல் எச்சரிக்கை. பெண் கேட்டு வருகிறவர்கள் தெருவில் விசாரிக்கும்போது, கொஞ்சம் வாயாடியாம் என்று ஒருவர் சொன்னால் போதும், அந்த இடம் அமையாது. ஐம்பது வயதில் அது பட்டப்பெயராகிவிடும். பிறகு அவள் எதைச் சொன்னாலும் சத்தம்தான் மற்றவர்கள் காதில் விழும், விஷயம் விழாது. இதே பேச்சைப் பேசுகிற பையனை, வக்கீலாக வருவான் என்கிறோம்.

என்னை யாரும் வாயாடி என்று சொன்னதில்லை. அதைப் பெருமையாகச் சொல்லித்தான் எனக்குக் கல்யாணம் பேசினார்கள்.

3

பிரசவத்துக்கு ஊருக்கு வந்திருந்தேன். எங்கள் பக்கம் பிறந்த குழந்தையின் நாக்கில் முதல்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதைச் சேனை வைப்பது என்பார்கள். யார் விரல் முதலில் படுகிறதோ அவர்கள் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. இப்போது மருத்துவமனைகளில் இதை அனுமதிப்பதில்லை. ஆனாலும் நர்ஸ் அந்தப் பக்கம் போகும் நேரம் பார்த்து எல்லோரும் செய்துவிடுகிறார்கள்.

ஆதிராவுக்குச் சேனை வைக்க என் கணவரின் பெரியம்மாவை முடிவு செய்திருந்தார்கள். ஒட்டன்சத்திரத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அதட்டிப் பேசி யாரும் பார்த்ததில்லை. காலை பஸ்ஸில் வருவதாக இருந்தது. பஸ் வரவில்லை. அம்மா கீழே வாசலில் போய் நின்றுகொண்டாள். அறையில் நானும் குழந்தையும் சித்தியும்தான் இருந்தோம். குழந்தை விடாமல் அழுதது. நான் அரை மயக்கத்தில் இருந்தேன். சித்தி டம்ளரில் விரலை நனைத்ததையும், அழுகை பட்டென்று நின்றதையும் மட்டும் பார்த்தேன்.

அம்மா மேலே வந்து பார்த்தபோது குழந்தை சித்தியின் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. அம்மா பாய்ந்து வந்து பிடுங்கி, துணியால் அந்தச் சின்ன நாக்கைத் துடைத்தாள். ரத்தமே வந்துவிடுமோ என்று நான் பயந்தேன்.

"அழுகுற பிள்ளைகிட்ட, பஸ்சு வரட்டும் செத்த நேரம் பொறுன்னா சொல்ல முடியும்?" என்றாள் சித்தி.

"ஒன்னைய மாதிரி இன்னொன்னு வேணுமா இந்த வீட்டுக்கு?" என்றாள் அம்மா.

சித்தி விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பூப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பெரியம்மா வந்ததும் அவர் விரலாலும் ஒருமுறை வைத்தார்கள். இரண்டாவது விரலுக்கு மதிப்பில்லை என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும்.

4

மூன்று வருடங்கள் கழித்து ஒரு டிசம்பர் மாதம். இங்கே மதியம் இரண்டரை மணி, ஊரில் ஆறு. சித்தி போன் செய்தாள். வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டு, சத்தத்தைக் குறைத்து, அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். சித்தி பேசினால் நடுவில் 'ம்' கொட்டினால் போதும்.

சித்தி முதலில் என் அம்மா மோட்டார் போடும் நேரத்தைக் குறை சொன்னாள். சந்தையைக் குறை சொன்னாள். பிறகு, "தோள்பட்டையில யாரோ கயித்தக் கட்டிப் பின்னாடி இழுக்குறாப்புல இருக்கு பாப்பா" என்றாள். பக்கத்து ஊர் கிளினிக்கில் காட்டியதற்கு, நிறைய பேசினால் வாயு ஏறத்தான் செய்யும் என்று சிரித்து மாத்திரை கொடுத்தார்களாம். அம்மாவிடம் சொன்னதற்கு அவளும் அதையேதான் சொன்னாளாம்.

"நீ என்ன வெட்டுற?" என்று கேட்டாள்.

வெங்காயம் என்றேன். அப்புறம் பேசுகிறேன் சித்தி என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

மறுநாள் காலை பூ வேன் வந்து ஹாரன் அடித்திருக்கிறது. சித்தி வரவில்லை. தோட்டத்தில் போய்ப் பார்த்தபோது செடிகளுக்கு நடுவில், பாதி நிறைந்த பூப் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்த நிலையில் இறந்திருந்தாளாம். மாரடைப்பு. வாய் லேசாகத் திறந்திருந்ததாம்.

அந்த மதியம் ஆதிரா எங்கே இருந்தாள்? நான்கு மணி வரை அவள் மழலையர் காப்பகத்தில் இருப்பாள். அன்றும் அங்கேதான் இருந்தாள் என்பது என் நினைவு. அன்று அவளுக்குக் காய்ச்சல், அதனால்தான் நானே மொழி வகுப்புக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன், அவள் தரையில் விளையாடிக்கொண்டிருந்திருப்பாள் என்கிறார் கணவர். எனக்கு அன்று வகுப்பே இல்லை என்று ஞாபகம்.

வருகைப் பதிவு காப்பகத்தின் செயலியில் இருக்கும். தேடினேன். புதிய செயலிக்கு மாறியதால் பழைய விவரங்கள் இல்லை. விண்ணப்பம் எழுதினேன். காரணம் என்ன என்ற கட்டத்தில் 'குடும்பத் தேவை' என்று போட்டேன். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. அந்த மாதத்தின் எல்லா நாட்களுக்கும் வந்த நேரம், போன நேரம் இருந்தன. அந்த ஒரு நாளுக்கு மட்டும் 'பதிவு இல்லை'. குழந்தை வரவில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், ஊழியர் குறிக்க மறந்திருக்கலாம் என்று கீழே எழுதியிருந்தார்கள்.

5

இந்த இலையுதிர் காலத்தில், குழந்தையைப் பற்றிப் பெற்றோருடன் பேசும் வருடாந்திரச் சந்திப்புக்குக் காப்பகத்தில் அழைத்தார்கள். ஆசிரியை ஹன்னா ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டே பேசினார். குழந்தையின் பலங்கள் என்ற இடத்தில் 'சனாவல்மிஸ்' என்று எழுதினார். சொற்களோடு தயாராக இருப்பவள் என்று அர்த்தம். அதை வாயாடி என்று எடுத்துக்கொண்டு நான் பதறிப்போய் எனக்குத் தெரிந்த பின்னிஷில் மன்னிப்புக் கேட்டேன், வீட்டில் கண்டிக்கிறோம் என்றேன். அவர் எதற்கு என்று புரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு அது நல்ல சொல் என்று மெதுவாக விளக்கினார்.

பேச்சு முடியும் நேரத்தில் ஒரு சின்னக் காகிதத்தை எடுத்தார். சத்தம் போடாதே என்று யாராவது சொன்னால் ஆதிரா தினமும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறாளாம். காதில் விழுந்தபடி எழுதி வைத்திருக்கிறேன், பொருள் சொல்ல முடியுமா என்று கேட்டுவிட்டு, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"நாஞ்... சொல்ல லேன்னா... வேற... யாரு... சொல்லுவா."

வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது. அந்த வெள்ளைக்காரப் பெண்ணின் வாயிலிருந்து என் சித்தி பேசியதைக் கேட்டு, நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். 'சொல்லுவா' என்பதில் கடைசியில் சித்தி ஒரு இழுப்பு இழுப்பாள். அந்த இழுப்பும் இருந்தது.

அது ஒரு தமிழ்க் குழந்தைப் பாட்டு என்று பொய் சொன்னேன். 'குழந்தை தாய்மொழிப் பாடல்களை விரும்பிப் பாடுகிறாள்' என்று ஹன்னா படிவத்தில் எழுதினார். அரசாங்கக் கோப்பில் அது இப்போது அப்படித்தான் இருக்கிறது.

வீட்டில் அவள் ஒருமுறைகூட அந்த வாக்கியத்தைச் சொன்னதில்லை. அன்று குளிக்க வைக்கும்போது, யார் சொல்லிக்கொடுத்தது என்று சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன்.

"யாரும் இல்ல. வாயிலேயே இருந்துச்சு" என்றாள்.

என்னால் அதை எனக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அம்மா, வருகிற மே மாதம் ஊருக்கு வரும்போது சேனையை மாற்றி வைத்துவிடலாம் என்றாள். சில குடும்பங்களில் அப்படிச் செய்வது உண்டாம். குலசாமி கோயிலில் வைத்து, பிள்ளையின் நாக்கை வழித்துவிட்டு, அமைதியான ஒருத்தர் மறுபடி தொட்டு வைப்பார்களாம். மறுநாளே மறுபடி அழைத்தாள்; பெரியம்மாவிடம் கேட்டு, அவரும் சரி என்றுவிட்டாராம்.

"எந் தங்கச்சி வாயாலயே போனா. இவளாச்சும் நல்லாருக்கட்டும்" என்றாள்.

எப்போதும் போல, சரிம்மா என்றேன்.

6

டிசம்பரில் இங்கே காலை எட்டரைக்கும் விடிந்திருக்காது. அந்த இருட்டில் ஆதிராவுக்கு உள்ளாடை, கம்பளி, அதன் மேல் தோள்வார் வைத்த பஞ்சுக் கால்சட்டை, கோட்டு, கையுறை எல்லாம் போட்டு, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். திதிக்குப் பிறகு தினமும் உடை போடும்போது, இழுக்குது என்று முனகிக்கொண்டிருந்தாள். வாயாடாமல் சீக்கிரம் கிளம்பு என்று நானும் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சொல் எவ்வளவு எளிதாக என் வாயில் வருகிறது என்பதை அப்போது கவனிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, கதவுக்குப் பக்கத்தில் எனக்கு முதுகைக் காட்டி நின்றவள் அசையாமல் சொன்னாள்.

"தோள்ல யாரோ கயித்தக் கட்டிப் பின்னாடி இழுக்குறாப்புல இருக்கு."

அந்தக் கடைசிப் போனில் சித்தி என்ன சொன்னாள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. கணவரிடமும் இல்லை, அம்மாவிடமும் இல்லை. இதோ உங்களிடம்தான் முதலில் எழுதுகிறேன்.

சுகாதார நிலையத்துக்குப் போன் செய்தேன். உங்களைத் திரும்ப அழைப்போம் என்று பதிவுக் குரல் சொன்னது. இருபது நிமிடம் கழித்து நர்ஸ் அழைத்தார். பதற்றத்தில் என் பின்னிஷ் குழறி, குழந்தையைக் கயிற்றால் கட்டியிருக்கிறது என்பது போலச் சொல்லிவிட்டேன். யார் கட்டியது என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். உடனே குழந்தையோடு வரச் சொன்னார்.

அங்கே நர்ஸும் ஒரு டாக்டரும் காத்திருந்தார்கள். இதயத்தைப் பாருங்கள், இதயத்தைப் பாருங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். பார்த்தார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை. நர்ஸ் சட்டையை விலக்கியபோது இரண்டு தோளிலும் சிவப்பாக, விரல் அகலத்துக்கு ஒரு தடம் இருந்தது. அவர் பஞ்சுக் கால்சட்டையைக் கையில் எடுத்து, தோள்வாரை நீட்டிப் பார்த்தார். போன குளிர்காலத்து அளவிலேயே இருந்தது. குழந்தை வளர்ந்துவிட்டாள், நான் வாரைத் தளர்த்தவே இல்லை. கொக்கியை நகர்த்திச் சரிசெய்து கொடுத்தார். இப்படி நன்றாகச் சொல்லத் தெரிந்த குழந்தை கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம் என்றார்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். இத்தனை நாள் வலியோடு அவள் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆதிரா கையுறையோடு என் கன்னத்தைத் துடைத்தாள்.

"அன்னைக்கே சொன்னேன்ல. நீ வெங்காயம் வெட்டிக்கிட்டே இருந்த" என்றாள்.

என்றைக்கு என்று கேட்டேன். அவளுக்கு அந்தக் கேள்வி புரியாதது போல என்னையே பார்த்தாள். பிறகு பஸ் வந்துவிட்டது.

நான் தினமும்தான் வெங்காயம் வெட்டுகிறேன். கணவரும் அதைத்தான் சொன்னார்.

7

மே மாதத்துக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. அம்மா கோயிலில் நாள் கேட்டு வைத்துவிட்டாள். சேனை மாற்றும் விஷயத்தை ஆதிராவிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் போன வாரம் பல் துலக்கும்போது, நுரையைத் துப்பிவிட்டு, "என் நாக்குல யாரும் கை வைக்கக் கூடாது" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். அம்மாவோடு நான் போனில் பேசியதைக் கேட்டிருக்கலாம். கேட்டிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

கணவரிடம் யோசனை கேட்டேன். "சக்கரைத் தண்ணிதான? வெச்சுட்டுப் போகட்டும் விடு. பெரியவங்களுக்கு ஒரு நிம்மதி" என்றார்.

என்னால் அப்படி விட முடியவில்லை. சேனையில் ஒன்றுமே இல்லை என்றால், தன் நாக்கு அழுக்கு, அதைத் துடைக்க வேண்டும் என்று பெற்ற நானே நினைத்தேன் என்பதை ஆதிரா வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டாள். அதில் ஏதாவது இருக்கிறது என்றால், சித்தி பேசிக்கொண்டிருக்கும்போதே நான் இரண்டாவது முறையாகப் போனை வைக்கிறேன் என்று ஆகும். மாற்றாமல் விட்டுவிட்டாலோ, இவளையும் ஒருநாள் யாரும் நம்பாமல் போவார்களோ என்று பயமாக இருக்கிறது.

நேற்று தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பெரியம்மாவுக்கே போன் செய்தேன். இப்படி மாற்றி வைத்து யாருக்காவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"எனக்கே வெச்சாங்க கண்ணு" என்றார். "ஆறு வயசுல. அதுவரைக்கும் நான் ஓயாம பேசுவேனாமா."

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"என்ன ஆகும்? நல்லாத்தான இருக்கறேன்" என்றார். அதன் பிறகு அவர் எதுவும் பேசவில்லை. போனையும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் நான்தான் வைத்தேன்.

இதைப் படிப்பவர்களில் சேனை மாற்றி வைக்கப்பட்ட பிள்ளையை அறிந்தவர்கள் யாராவது இருந்தால், ஏப்ரல் முடிவதற்குள் எனக்கு எழுதுங்கள். எல்லாம் நம்பிக்கைதான் என்றோ, எல்லாம் மூடநம்பிக்கை என்றோ எழுத வேண்டாம். இரண்டையும் நானே எனக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்தப் பிள்ளை அதற்கு மறுநாள் காலையில் எழுந்து முதலில் என்ன பேசியது, யாருடைய குரலில் பேசியது, அதை மட்டும் சொல்லுங்கள். நீங்களே அந்தப் பிள்ளையாக இருந்தால், உங்கள் அம்மா அன்று என்ன செய்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அதையும் எழுதுங்கள். எவ்வளவு நீளமாக இருந்தாலும் கடைசி வரி வரை படிக்கிறேன்.